பருத்த பூனைக்குப் பட்டினி வைத்தியம் ஆகாது

தில்லி மாநகரில் தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார் முதலிய பகுதிகளில், முற்றமும் மதிலும் உடைய பழைய வீடுகள் அருகி, அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகத் தொடங்கிய நாள் முதல், அவ்வீடுகளில் வளரும் பூனையின் வாழ்க்கையும் அடியோடு மாறிவிட்டது. முன்பு மதில் மேல் நடந்து, மாடிப்படியின் கீழ் எலிக்காகக் காத்திருந்து, பகலில் பாதியும் இரவில் பாதியும் அலைந்து திரிந்த பிராணி, இப்பொழுது எட்டாவது மாடியில் வலையடித்த பால்கனிக்குள் புறாக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெருவில் நாய்களும் வாகனங்களும், மே மாதத்தில் 45 டிகிரி வெயிலும், நவம்பரில் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டமும் உள்ள ஊரில், பூனையை வீட்டுக்குள் வைத்துக் காப்பதே கருணையான செயல். ஆனால் உழைப்பு நின்றுபோன சரீரத்துக்கு ஆகாரம் மட்டும் முன்போலவே, அல்லது முன்னிலும் அதிகமாக, போய்க்கொண்டிருப்பதால், நம் வீட்டுப் பூனைகள் மெல்ல மெல்ல ஸ்தூல சரீரிகளாகி வருகின்றன என்பதையும், அந்தப் பருமனை நாம் செல்வச் செழிப்பின் அடையாளமாகக் கண்டு மகிழ்கிறோம் என்பதையும் மறைக்க இயலாது.

பருமனைக் கண்டறிவதற்குத் தராசு ஒன்றே போதாது. நம் நாட்டுப் பூனை பொதுவாக 3 முதல் 4½ கிலோ வரை நிற்கும் என்றாலும், எலும்பின் அளவும் ஜாதியும் பூனைக்குப் பூனை வேறுபடுமாதலால், கால்நடை மருத்துவர்கள் 1 முதல் 9 வரை படிகள் வகுத்த ஓர் அளவுமுறையைக் கையாளுகிறார்கள். அதில் 5 என்பது உத்தமமான நிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் வரை மிகை எடையைக் குறிக்கும். வீட்டிலேயே பரிசோதிப்பதானால், பூனையின் இரு விலாப்புறத்திலும் விரல்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் தென்பட்டால் நலம். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு சேர்ந்துவிட்டது. மேலிருந்து நோக்கும்போது விலாவுக்குப் பின்னால் இடை சற்றே ஒடுங்கித் தோன்ற வேண்டும். நீண்ட ரோமம் கொண்ட பாரசீகப் பூனை தில்லியில் பெருகிவிட்ட இக்காலத்தில் கண் ஏமாறுவது சுலபம். அங்கே கைதான் சாட்சி. பின்னங்கால்களுக்கு முன்னே தொங்கியாடும் தோல்மடிப்பு மெலிந்த பூனைக்கும் இயல்பாக உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மாறாக, வயிறு மட்டும் திடீரென்று உப்பினால் அது கர்ப்பமாகவோ, வயிற்றில் நீர் கோத்த வியாதியாகவோ இருக்கக்கூடும். அந்நிலையில் ஆகாரத்தைக் குறைப்பது பெருந்தவறாக முடியும்.

இனி, பூனையின் சரீரம் எத்தகையது என்பதைச் சிறிது விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் பருமனைக் குறைப்பதில் நேரும் விபரீதங்கள் யாவும் அதை மனிதனைப் போலவோ நாயைப் போலவோ எண்ணி நடத்துவதிலிருந்தே பிறக்கின்றன. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. சுமார் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது, அத்தானியத்தைத் தின்ன வந்த எலிகளைத் தின்ன அது மனிதனருகே வந்தது. ஒரு சுண்டெலியிலிருந்து கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 30 கிலோ கலோரி. ஆகவே அன்றாட ஜீவனத்துக்கு எட்டுப் பத்து எலிகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பதுங்கி, பாய்ந்து, பல முறை தோற்று, ஒரு முறை வென்று, சிறுசிறு உணவாகப் பகலிரவு முழுவதும் உண்டு வாழ்ந்த பிராணி அது. எலியின் உடலில் இருப்பது புரதமும் கொழுப்பும் நீரும். மாவுப்பொருள் மிகச் சொற்பம். ஆகையால் பூனையின் உறுப்புகள் மாமிசம் ஒன்றையே எதிர்பார்த்து அமைந்துவிட்டன. இனிப்பை உணரும் நாவின் உறுப்புக்குரிய மரபணு பூனை இனத்தில் பழுதாகிச் செயலற்றுப் போயிருக்கிறது என்பதை 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்து வெளியிட்டனர். நாம் ஆசையோடு நீட்டும் ஜாங்கிரியின் தித்திப்பு பூனைக்குத் தெரியவே தெரியாது, அதிலுள்ள நெய்தான் தெரியும்.

இதைவிட முக்கியமான உண்மையை 1977இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் குவின்டன் ரோஜர்ஸ், ஜேம்ஸ் மாரிஸ் முதலிய விஞ்ஞானிகள் நிலைநாட்டினார்கள். உணவில் புரதம் குறையும்போது பிற பிராணிகளின் கல்லீரல், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை அடக்கிக்கொண்டு சிக்கனமாக இருக்கப் பழகிக்கொள்ளும். பூனையின் கல்லீரலோ அங்ஙனம் பழகுவதில்லை. உண்டாலும் உண்ணாவிட்டாலும் அந்நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் தன் தசையையே அது கரைத்துக்கொள்ளும். எனவே, மெலிய வேண்டும் என்று சோற்றையும் ரொட்டியையும் கொடுத்துக் கறியைக் குறைத்தால், கொழுப்பு நிற்க, தசை போய்விடும். டாரின் என்னும் சத்து விஷயமும் இத்தகையதே. அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கும் என்பது 1975லும், இதயத்தசை தளர்ந்து விரிந்துபோகும் என்பது 1987லும் வெளியாயின. டாரின் மாமிசத்தில் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை.

பாலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூனைக்கும் பாலுக்கும் நம் கற்பனையில் உள்ள சம்பந்தம் மிகப் பழமையானது. இராம காதையைப் பாடப் புகுந்த தம் ஆசையை, பாற்கடலை நக்கிக் குடித்துவிட விரும்பும் பூனையின் ஆசையோடு ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார் கம்பர். ஆனால் பால்குடி மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையை ஜீரணிக்கும் நொதி குறைந்துவிடுவதால் வயிற்றுப்போக்கு உண்டாகும். ஜீரணித்துக்கொள்ளும் பூனைக்கோ அபாயம் வேறு விதமானது. தில்லிப் பால் பூத்துகளில் விற்கும் ஃபுல் க்ரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம். 100 மில்லி கொள்ளும் ஒரு கிண்ணத்தில் சுமார் 87 கிலோ கலோரி. உரிய எடை 4 கிலோவாக உள்ள பூனை மெலிவதற்காக நாள் முழுவதற்கும் உரிய அளவு 160 கிலோ கலோரிக்கு உட்பட்டது என்பதைப் பின்னே கணக்கிட்டுக் காட்டுவேன். அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கிண்ணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வடநாட்டுச் சமையலறையில் தவறாமல் இருக்கும் பனீரில் 20 கிராம் துண்டு ஒன்று ஏறக்குறைய 55 கிலோ கலோரி. ஒரு தேக்கரண்டி நெய் 45. தேவைக்கு மேல் நாள்தோறும் 10 கிலோ கலோரி சேர்ந்தாலே, கணக்குப்படி ஓர் ஆண்டில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பாகும். நான்கு கிலோ பிராணிக்கு அது எட்டில் ஒரு பங்குக்கு அருகில் வருகிறது.

கருத்தடை அறுவை செய்த பூனை பருப்பதாகச் சிலர் கூறுவது உண்மையே. இனப்பெருக்க உறுப்புகள் சுரக்கும் ஹார்மோன்கள் நின்றதும் சக்தியின் தேவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. அதற்காக அறுவையைத் தவிர்ப்பது தகாது. அனாதையாகப் பிறந்து தெருவில் மடியும் குட்டிகளை எண்ணினால், அறுவை செய்வதே தர்மம். செய்த வாரத்திலிருந்தே ஆகாரத்தை அளந்து வைத்தால் போதும்.

மிகைக் கொழுப்பு வெறும் சுமையாகக் கிடப்பதில்லை. அது தானும் பலவகை ரசாயனப் பொருள்களைச் சுரந்து, இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்ப்பதைக் கெடுக்கிறது. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பருத்த பூனைகளுக்கு நீரிழிவு நேரும் வாய்ப்பு உரிய எடையுள்ளவற்றைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. மூட்டுகள் தேய்ந்து, மேசை மேல் தாவ மறுக்கும் பூனையை நாம் சோம்பேறி என்கிறோம். அது வலியை மறைத்துக்கொண்டிருக்கிறது. முதுகின் பின்பாகத்தை நக்கிச் சுத்தம் செய்ய எட்டாமல் ரோமம் சடை பிடிக்கிறது. தில்லிக் கோடையிலே இன்னொரு துன்பமும் சேருகிறது: தோலின் கீழ்க் கொழுப்புப் போர்வை இருப்பதால் உடலின் உஷ்ணம் வெளியேறுவது தாமதமாகிறது, மின்சாரம் நின்ற மதியத்தில் பருத்த பூனை வாய் திறந்து மூச்சிரைத்தால் அது அவசர நிலை. ஆஸ்திரேலியாவில் ஹிம்மி என்னும் பூனை 21.3 கிலோ எடை எய்தி, 1986இல் சுவாசம் தடைபட்டு இறந்தது. உலகிலேயே பாரமான பூனை என்ற அந்தப் பதிவைப் பின்னர் கின்னஸ் நூலார் ஏற்பதை நிறுத்திக்கொண்டார்கள். பெருமைக்காகப் பூனைகளைத் திணித்துத் திணித்து ஊட்டுவோர் தோன்றலாகாது என்பதே காரணம்.

இவ்வளவையும் படித்த அன்பர் ஒருவர், இன்றைக்கே கிண்ணத்தைக் காலியாக வைத்துவிடுவோம் என்று எண்ணக்கூடும். அந்த எண்ணத்தைத் தடுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஏகாதசி உபவாசம் மனிதனுக்கு நன்மை தரலாம். பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, பட்டினி உயிர் குடிக்கும்.

நடப்பது இதுதான். ஆகாரம் நின்றதும், உடலெங்கும் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் கலந்து கல்லீரலை வந்தடைகிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியை எரித்துச் சக்தியாக்க வேண்டும்; எஞ்சியதைப் புரதத்தோடு பொதிந்து மீண்டும் இரத்தத்தில் அனுப்ப வேண்டும். எரிப்பதற்கும் பொதிவதற்கும் வேண்டிய புரதக் கூறுகளோ உணவிலிருந்து வருவன. உணவு நின்றபடியால் அவை இல்லை. ஆசாத்பூர் மண்டியில் நாலா திசையிலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்க, வெளியே ஏற்றிச் செல்லும் லாரிகள் மட்டும் வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகுமோ அதுவே அந்தச் சிறிய உறுப்பில் ஆகிறது. கல்லீரலின் செல்கள் ஒவ்வொன்றிலும் கொழுப்புத் துளிகள் அடைத்து, பித்தம் வடிய வழியின்றித் தேங்கி, காதின் உட்புறமும் ஈறும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகின்றன. குமட்டலால் பூனை மேலும் உண்ண மறுக்கிறது. மறுக்க மறுக்க வியாதி முற்றுகிறது. இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலே இது தொடங்கிவிடக்கூடும். பருத்திருக்கும் பூனைக்கே கரைந்து வரும் கொழுப்பு மிகுதியாதலால், எதற்கு எடை குறைய வேண்டுமோ அதற்கே அபாயமும் அதிகம். குழாய் வழியாக வாரக்கணக்கில் ஆகாரம் செலுத்திப் பல பூனைகளை மருத்துவர்கள் காப்பாற்றுகிறார்கள். சிகிச்சை கிட்டாதவை பெரும்பாலும் இறந்துபோகின்றன. பசித்தால் தானே தின்னும் என்று, பழகாத புதிய உணவை வைத்துவிட்டுப் பிடிவாதமாகக் காத்திருப்பதும் பட்டினி போடுவதே.

ஆகவே குறைப்பது கணக்கோடு நிகழ வேண்டும். அக்கணக்கின் வேர், சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் க்ளைபர் 1932இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இருக்கிறது. பிராணியின் எடை இரட்டிப்பானால் அதன் சக்தித் தேவை இரட்டிப்பாவதில்லை, ஏறக்குறைய 1.7 மடங்கே ஆகிறது என்பதை அவர் காட்டினார். அதை ஒட்டி, ஓய்வாக இருக்கும் பூனையின் அன்றாடத் தேவையைக் கணிக்கிறார்கள்: 3 கிலோவுக்குச் சுமார் 160 கிலோ கலோரி, 4 கிலோவுக்கு 198, 5 கிலோவுக்கு 234. உங்கள் பூனை இப்போது 6 கிலோ என்றும், அதற்கு உரிய எடை 4 கிலோ என்றும் மருத்துவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். கணக்கை எப்பொழுதும் உரிய எடையைக்கொண்டே தொடங்க வேண்டும். மெலிவதற்காக 198இல் 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 158 கிலோ கலோரி. 100 கிராமில் 380 கிலோ கலோரி உள்ள சாதாரண ட்ரை ஃபுட் ஆனால், அது 42 கிராமுக்கு உட்பட்டது. கண்ணுக்கு அது மிகக் கொஞ்சமாகத் தோன்றி மனத்தை உறுத்தும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாதாரண உணவை இவ்வளவு குறைத்தால் கலோரியோடு புரதமும் வைட்டமின்களும் குறைந்துவிடுமாதலால், கலோரி குறைந்தும் புரதம் செறிந்தும் தயாரிக்கப்பட்ட, எடை குறைப்பதற்கென்றே உள்ள உணவை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். பவுச்சில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீர். 100 கிராமில் பெரும்பாலும் 70 முதல் 100 கிலோ கலோரிதான். வயிறு நிறைகிறது, தாகம் குறைந்த அந்தப் பாலைநிலப் பிராணிக்கு நீரும் சேருகிறது. தில்லிக் கோடையில் மூத்திரத் தடையால் அவதிப்படும் ஆண் பூனைகளுக்கு இது இரட்டை உபகாரம்.

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைவது உத்தமம். இரண்டு சதவீதத்தைத் தாண்டலாகாது. 6 கிலோ பூனைக்கு ஒரு சதவீதம் 60 கிராம். எடை குறையக் குறைய அந்த ஒரு சதவீதமும் சுருங்குமாதலால், அவ்வேகத்தில் 4 கிலோவை அடைய ஒன்பது, பத்து மாதங்கள் செல்லும். அது நீண்ட காலமாகத் தோன்றினால், அந்தப் பருமன் சேருவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எடை பார்ப்பதற்குக் குழந்தைகளை நிறுக்கும் தராசு சிறந்தது. வீட்டிலுள்ள தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் தனியே ஒரு முறையும் ஏறிக் கழித்துப் பார்ப்பதில் 60 கிராம் வித்தியாசம் பிடிபடாமல் போகலாம். இரண்டு வாரமாகக் குறையாவிட்டால், முதலில் வீட்டாரை விசாரித்த பிறகே அளவைச் சிறிது குறைக்க வேண்டும்.

வீட்டாரை விசாரிப்பது என்றதும் பலர் புன்னகைப்பார்கள்; ஆனால் பாதி வைத்தியம் அங்கேதான் இருக்கிறது. காலையில் அம்மா வைத்தது தெரியாமல் தாத்தா வைப்பார். பள்ளி விட்டு வந்த குழந்தை பிஸ்கட் கொடுக்கும். வேலைக்கு வரும் தீதி தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுவாள். யாருடைய அன்பும் குற்றமல்ல. தடுத்தால் மனம் நோகும். நாள் முழுவதற்கும் உரியதைக் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் இட்டு, யார் கொடுப்பதானாலும் அதிலிருந்தே கொடுப்பது என்று ஏற்பாடு செய்தால், கொடுக்கும் இன்பமும் குறையாது, அளவும் மீறாது. அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, அறைக்கு அறை, உயரமான இடங்களில் ஒளித்து வைத்தால், தேடி உண்ணும் பழைய சுபாவம் விழித்துக்கொள்ளும். இறகு கட்டிய கோலை ஆட்டிக் காலையும் மாலையும் சில நிமிஷம் விளையாட்டுக் காட்டுங்கள். பூனை நெடுநேரம் ஓடும் பிராணியன்று. பாய்ந்து களைத்து, மீண்டும் பாய்வது அது. விளையாட்டினால் மட்டும் எடை குறைந்துவிடாது, ஆனால் தசை காக்கப்படும். புது உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் தனித்தனி அறையில் ஊட்டுங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கத்தும் பூனைக்கு எழுந்து உணவிட்டால், மறுநாளும் நாலு மணிக்கே கத்தும்.

சைவ உணவுக் குடும்பங்களில் எழும் தர்மசங்கடத்தை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தயிர்ச்சாதமும் இட்லியும் உண்டு பல ஆண்டு வாழ்ந்த பூனைகளைப் பற்றிச் சொல்வோர் உண்டு. அவை வெளியே சென்று எலியும் குருவியும் பிடித்துத் தின்று குறையை நிறைத்துக்கொண்டவை. எட்டாவது மாடிப் பூனைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. வீட்டில் மாமிசம் சமைக்க முடியாதவர்கள், டாரின் முதலியன சேர்த்துத் தயாரித்த பூனை உணவைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். சமைப்பவர்களும் வெறும் கோழிக்கறியை வேகவைத்துப் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். எலும்பில்லாத கறியில் போதிய சுண்ணாம்புச்சத்து இல்லை. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால், நம் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் ஆகாது.

1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், தாம் சுத்த சைவராயிருந்தும், மாமிசம் உண்ணும் பிராணி, உண்ணாத பிராணி என்ற பேதம் பாராமல், எல்லாவற்றின் நலனுக்காகவும் தில்லியில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். நேருவின் அரசாங்கம் அதன் நோக்கத்தை ஏற்றுத் தானே சட்டம் இயற்ற முன்வந்ததன் பயனாக 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்துக்கு வேண்டிய தக்க ஏற்பாடுகளைச் செய்வது கடமை என்று அதன் மூன்றாம் பிரிவு விதிக்கிறது. அளவின்றி ஊட்டுவதைக் குற்றமாக எந்த நீதிமன்றமும் பார்க்கப்போவதில்லை; ஆனால் நலம் என்ற அந்தச் சொல்லுக்குள் அளவும் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

வாசகர்களை நான் வேண்டுவது இரண்டு. இந்த வாரமே உங்கள் பூனையின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு தென்படாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு சென்று நிறுத்து, உரிய எடையையும் அன்றாட அளவையும் கேட்டு எழுதிக்கொண்டு தொடங்குங்கள். தொடங்கிய பின், எந்தக் காரணத்தாலேனும் பூனை ஒரு முழு நாள் ஆகாரத்தைத் தொடாமல் இருந்தால், எடைக் கணக்கு யாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அது விரும்பும் பழைய உணவை உடனே கொடுங்கள்; அதையும் மறுத்தால் மறுநாளைக்கென்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.